ஸோம்பி துரத்தும்போது எந்தக் கார்ட்டை எறிவது?

(ஸோம்பிகளிடமிருந்து தப்பிப் பிழைக்கிற கார்ட் வீடியோ கேம்களைப் பற்றி மலையக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இந்த முறை.)

உயர்தர மாணவர், பண்டாரவளை: நான் விளையாடும் கேமில் பத்துக் கார்ட்டோடு தொடங்கி ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு இரவையும் தாண்டினால் புதுக் கார்ட் பரிசு. கிடைப்பதை எல்லாம் சேர்க்கிறேன், துவக்குக்கூட இருக்கிறது. ஆனாலும் நாலாவது இரவில் செத்துப்போகிறேன். ஏன்?

எல்லாவற்றையும் சேர்ப்பதால்தான், தம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக் கார்ட் இருக்கும்போது ஐந்து ஐந்தாக எடுத்தால் அந்தத் துவக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை கையில் வரும், அதுவே இருபத்தைந்து ஆகிவிட்டால் ஐந்து சுற்றுக்கு ஒரு தடவைதான், அதுவரைக்கும் கதவுக்கு வெளியே நிற்கிறவன் பொறுமையாகக் காத்திருப்பானா? பரிசை வேண்டாம் என்று சொல்ல அநேகமாக ஒரு பட்டன் இருக்கும். அதைத் தேடிப் பிடித்து அடிக்கடி அழுத்துங்கள்.

தொடக்கத்தில் கொடுக்கிற தடி, கல் போன்ற சொத்தைக் கார்ட்களை எறிய வழி கிடைத்தால் உடனே எறியுங்கள். ஸ்லே த ஸ்பயர் என்ற பிரபலமான கார்ட் கேமில் (அதில் ஸோம்பிக் கதை இல்லை, ஆனால் இந்த வகைக்கே அதுதான் பள்ளிக்கூடம்) கடைக்காரரிடம் ஒரு கார்ட்டை நீக்க 75 தங்கம் கொடுக்க வேண்டும், அடுத்தடுத்த தடவை 25 கூடிக்கொண்டே போகும். குறைப்பதற்குக் காசு வாங்குகிறார்கள் என்றால் அதன் பெறுமதி செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்று மட்டும் கவனம். கார்ட் கட்டு சின்னதாக இருக்கும்போது காயம், கடி போன்ற உதவாத கார்ட்கள் உள்ளே வந்தால் அவையும் அடிக்கடி கையில் வரும். அதனால் கடிபடாமல் தடுக்கிற கார்ட் இரண்டு மூன்றாவது வைத்திருங்கள். அப்புறம், எல்லா ஸோம்பியையும் கொல்லத்தான் வேண்டும் என்று உங்களிடம் யார் சொன்னது? விடியும் வரை உயிரோடு இருந்தால் போதும் என்ற கேமில் ஓடி ஒளிகிற கார்ட்டும் ஆயுதம்தான்.

ஒரு தாய், தலவாக்கலை: மகன் போனில் இதைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறான். கடதாசி விளையாட்டு என்கிறான். சூதாட்டமா?

கடதாசி என்றதும் பயப்படத் தேவையில்லை, அம்மா. ஒரே தடவை காசு கொடுத்து வாங்கி, அதற்குப் பிறகு ஒரு சதமும் கேட்காத கேம் என்றால் சூது இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பெட்டியை, பொட்டலத்தைக் காசுக்கு விற்கிறார்களா என்று பாருங்கள். அங்கேதான் வில்லங்கம். அப்படிப்பட்ட பெட்டிகளை பெல்ஜியம் 2018இல் சூதாட்டக் கணக்கில் சேர்த்தது. பிளே ஸ்டோரில் அந்தக் கேமின் பக்கத்தில் 'இன்-ஆப் பர்ச்சேஸ்' என்று போட்டிருந்தால் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து என்ன விற்கிறார்கள் என்று கேளுங்கள். வயதுக் குறியீடும் அங்கேயே இருக்கும்.

வாசகி, மஸ்கெலியா: அப்பா 304 விளையாட்டில் புலி. இந்தக் கேமை அவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பாதி வேலை முடிந்துவிட்டதே! ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு இனத்துக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. இந்த 32 கடதாசியில் எது போனது, எது இன்னும் யார் கையில் என்று மனதில் வைத்திருக்கிற ஆளுக்கு ஸோம்பி ஒரு விஷயமே இல்லை. 304இல் எல்லோருக்கும் ஒரே கட்டு, அது மாறாது. இங்கே கட்டையே அவர்தான் ஆடிக்கொண்டே கட்ட வேண்டும். 2008இல் வந்த டொமினியன் என்ற மேசை விளையாட்டு பிரபலப்படுத்திய முறை இது. அப்பா முதலில் தடுமாறப்போவது வேறு இடத்தில்: இறக்கிய கார்ட் பெரும்பாலும் போய்விடாது, கட்டு முடிந்ததும் கலைத்து மறுபடி கைக்கு வரும். அதைச் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

வாசகர், ஹட்டன்: நாங்கள் நாலு கூட்டாளிகள் சேர்ந்து தோட்டத்தில் நடக்கிற ஸோம்பிக் கார்ட் கேம் ஒன்று செய்யப் பார்க்கிறோம். லயத்து ஆட்கள் எல்லோரும் ஸோம்பி ஆகிவிடுவார்கள், ஹீரோ துரை பங்களாவுக்குள் மாட்டிக்கொள்வான். எப்படி இருக்கிறது?

தோட்டம் பிரமாதம். மற்றதைத் தலைகீழாக்குங்கள்.

ஸோம்பி எங்கே பிறந்தது தெரியுமா? ஹெயிட்டியில். பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களிடையே வளர்ந்த பயம் அது. செத்தாலாவது விடுதலை என்று இருந்தவர்களுக்கு, செத்த உடம்பையும் எழுப்பி வேலைக்கு நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். அந்த ஸோம்பி யாரையும் தின்னவில்லை, வேலைதான் செய்தது. மனுசனைத் தின்கிற கூட்டம் 1968இல் ஜோர்ஜ் ரொமேரோ எடுத்த படத்தோடு வந்தது. விநியோகித்தவர்கள் தலைப்பை மாற்றும்போது பதிப்புரிமைக் குறிப்பைப் போட மறந்ததால் அமெரிக்காவில் அந்தப் படம் யாருக்கும் சொந்தமில்லாமல் போனது, அதுதான் இத்தனை பேர் கூசாமல் அதைக் காப்பி அடிப்பதற்கு ஒரு காரணம்.

ஆக, தோட்டத்துப் பயத்தில் பிறந்த ஒன்றைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அதில் நம் ஆட்களையே மூளையில்லாத கூட்டமாக்கி, பங்களாவைக் காப்பாற்றச் சொல்கிறீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை. 1869இல் தொடங்கிய இலை நோய் இங்கே காப்பியை அழித்தது அல்லவா, அந்தக் காப்பிக் காலத்துத் துரைமார் எழுந்து வரட்டும், கையில் செக்ரோலோடு (வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு), ஆள் கணக்கு எடுக்க. தப்பிக்க வேண்டியது லயத்துப் பிள்ளைகள்.

கார்ட்களுக்கு நீங்கள் வெளியே தேடவே வேண்டாம். 'தப்பு' (பறை) இறக்கினால் துரைமார் எல்லோரும் ஆள் கணக்கு எடுக்கிற பிரட்டுக்களத்துக்கு ஓடிவிடுவார்கள், அந்த ஒரு சுற்று உங்களுக்கு லாபம். 'மூடுபனி'யில் அவர்களுக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கும் கையில் உள்ள ஐந்தில் மூன்றுதான் தெரியும். 'கொழுந்துக்கூடை' கூடுதலாக இரண்டு கார்ட் எடுக்கவிடும், ஆனால் பாரம், ஓட முடியாது. 'அட்டைக்கடி' எதற்கும் உதவாமல் கட்டில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், 'உப்பு' கிடைத்தால்தான் விழும். கவ்வாத்துக் கத்தி சத்தமில்லாத ஆயுதம், அதை அரிதாகவே கொடுங்கள்.

கொம்பியூட்டரைத் தொடுவதற்கு முன் பழைய கொப்பி மட்டையை வெட்டி, பேனாவால் எழுதி, நாலு பேரும் ஆடிப் பாருங்கள். மழைக்காலத்தில் வேறென்ன வேலை?

வாசகி, நுவரெலியா: மழை பெய்தால் கரண்ட் இல்லை, சிக்னலும் இல்லை. எதை வாங்கலாம்?

சுற்று முறையில் ஆடுகிற கேம் என்பதால் நீங்கள் யோசிக்கும்வரை எதுவும் நகராது, அதுவே பெரிய நிம்மதி. 2016இல் வந்த பிளான்ட்ஸ் வெர்ஸஸ் ஸோம்பீஸ் ஹீரோஸில் ஸோம்பி பக்கத்திலும் நின்று ஆடலாம், ஆனால் இணையம் வேண்டும், உங்களுக்குச் சரிவராது. ஸ்லே த ஸ்பயர் 2021இலிருந்து அண்ட்ரொய்டிலும் இருக்கிறது, சிக்னல் தேவையில்லை, சண்டைக்கு நடுவில் போன் செத்தாலும் அதே சண்டையின் தொடக்கத்திலிருந்து ஆடலாம். கொம்பியூட்டரில் என்றால் ஸ்டீம் என்ற இணையக் கடை. இலங்கைக்கும் டொலரில்தான் விலை போடுகிறார்கள், ஆகவே தள்ளுபடி வரும்வரை பொறுங்கள். வாங்கிப் பிடிக்கவில்லையா, 14 நாளைக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். மெனுவைத் திறந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனால் அந்த நேரமும் கணக்கில் ஏறும்.