பனிக்காலக் கேள்வி பதில்: முதலில் சப்பாத்து, பிறகு போர்ட்

கேள்வி: இரண்டு குளிர்காலமாக வாடகைப் போர்டில் ஸ்னோபோர்டிங் பழகுகிறேன். பச்சைக் குறியிட்ட எளிய பாதைகளில் விழாமல் இறங்குவேன்; அதைவிடச் சற்றுக் கடினமான நீலப் பாதையில் இன்னும் தடுமாற்றம். இந்த வருடம் சொந்தமாக வாங்க 800 டொலர் ஒதுக்கியிருக்கிறேன். உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 72 கிலோ. எந்தப் போர்ட் வாங்கலாம்?
– வாசகர், மார்க்கம்

பதில்: போர்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், சப்பாத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் சப்பாத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் காசை முதலில் அதற்குத்தான் ஒதுக்க வேண்டும்.

நான் 41 வயதில் பழகத் தொடங்கினேன். குளிருக்கு உள்ளே இடம் இருக்கட்டும் என்று, இரண்டு தடித்த காலுறை போட்டுப் பார்த்து, ஒரு அளவு பெரிய சப்பாத்தாக வாங்கினேன். திரும்பும்போதெல்லாம் குதிக்கால் உள்ளே எழும்பியது. முழங்காலை மடித்தால் கால்தான் நகர்ந்தது, போர்ட் அசையவில்லை. இறுக்கிக் கட்டினால் பாதம் மரத்துப்போனது. எனக்கு இது வராது என்றே ஒரு சீசன் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். சப்பாத்தை மாற்றிய முதல் நாளே போர்ட் சொன்னபடி கேட்டது.

வீட்டில் ஒரு தாளை விரித்து, குதிக்காலைச் சுவரோடு ஒட்டி நின்று, விரல் நுனியில் கோடு போட்டு அளந்து பாருங்கள். சப்பாத்தில் ‘மொண்டோ’ என்று இருப்பது பாதத்தின் சென்ரிமீற்றர் அளவுதான். 27 சென்ரிமீற்றர் பாதத்துக்கு 27. வெளியே போடும் சப்பாத்தின் இலக்கத்தை மறந்துவிடுங்கள். கடைக்கு ஒரேயொரு மெல்லிய கம்பளிக் காலுறையோடு போங்கள். பருத்தி வேண்டாம், ஈரத்தை வைத்துக்கொள்ளும்.

காலை நுழைத்ததும் குதிக்காலை நிலத்தில் இரண்டு தரம் தட்டுங்கள். சப்பாத்துக்குள் இருக்கும் மெத்தென்ற உள்ளுறையை முதலில் இறுக்கி, அப்புறம் வெளிக்கயிற்றை இறுக்குங்கள். நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடித்தால் விலக வேண்டும். பிறகு கடைக்காரரைச் சப்பாத்தின் பின்பக்கத்தை அமுக்கிப் பிடிக்கச் சொல்லி, குதிக்காலைத் தூக்கிப் பாருங்கள். எழும்பினால் அது உங்களுக்கு இல்லை. இருபது நிமிடம் போட்டுக்கொண்டு கடைக்குள் நடங்கள். கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் பயமில்லை, சில நாட்களில் உள்ளுறை அமுங்கி இடம் கொடுக்கும். பாதம் மரத்துப்போனால், நோவெடுத்தால் கழற்றிவிடுங்கள். கட்டுவது கயிறா, திருகி இறுக்கும் ‘போவா’ சக்கரமா என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

சரி, இனிப் போர்ட். நாடியிலிருந்து மூக்கு வரை உயரம் இருந்தால் போதும் என்பது பழைய கணக்கு. போர்டை வளைப்பது உங்கள் எடை. 72 கிலோவுக்கு ஏறக்குறைய 154 முதல் 158 சென்ரிமீற்றர் வரும்; பழகுபவருக்கு அதில் சின்னப் பக்கம் நல்லது. ஒவ்வொரு மொடலுக்கும் தயாரிப்பாளர் தரும் எடை அட்டவணையையும் பாருங்கள். போர்டின் நடு அகலம் சப்பாத்தின் நீளத்தோடு பொருந்த வேண்டும். ஒடுக்கமான போர்டில் சப்பாத்து நுனி பனியில் உரசி, திரும்பும்போது விளிம்பு பிடி விட்டுவிடும். சப்பாத்து அமெரிக்க அளவு 11க்கு மேல் என்றால் ‘வைட்’ என்னும் அகலப் போர்ட் கேளுங்கள்.

கடையில் போர்டின் விறைப்பை 1 (நன்றாக வளைவது) முதல் 10 (மிக விறைப்பு) வரை சொல்வார்கள். உங்களுக்கு 3, 4 போதும். அடிப்பாகத்தின் வளைவைப் பற்றிக் கேட்டால் தெற்கு ஒன்ராறியோவின் பனியை நினைத்துக்கொள்ளுங்கள். கொலிங்வூட்டின் புளூ மவுண்டன் 220 மீற்றர் இறக்கம்தான். இங்கே பனியில் பெரும்பங்கு இயந்திரம் தூவுவது. பகலில் இளகி இரவில் கண்ணாடியாக இறுகும். முழுக்க முனை தூக்கிய ‘ரொக்கர்’ அந்தக் கண்ணாடியில் வழுக்கும். நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்த முழு ‘கேம்பர்’ நன்றாகப் பிடிக்கும், ஆனால் சின்னப் பிழைக்கும் விளிம்பு மாட்டி விழுத்திவிடும். இரண்டும் கலந்த ‘ஹைபிரிட்’ வாங்குங்கள்.

சப்பாத்தைப் போர்டோடு பூட்டும் பைண்டிங், சப்பாத்தின் அளவுக்கும், போர்டின் துளை அமைப்புக்கும் பொருந்தினால் போதும். மார்ச், ஏப்ரலில் கடைகள் அந்த வருட மொடலை விலை குறைத்து விற்கும். சப்பாத்தை இப்போதே வாங்கி, போர்டை அதுவரை வாடகைக்கு எடுங்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர் பழைய போர்டை, பைண்டிங்குடன் 120 டொலருக்குத் தருகிறார். வாங்கலாமா?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: பார்த்துவிட்டு வாங்கலாம். போர்டைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மேற்பரப்புக் கீறல் பரவாயில்லை. அடித்தளம் கிழிந்து உள்ளே மரம் தெரிந்தால் தண்ணீர் புகுந்திருக்கும். எஃகு விளிம்பு நெடுக விரலை மெதுவாக ஓட்டுங்கள். மேலோட்டத் துரு தேய்த்தால் போகும். வெடிப்போ, விளிம்பு வெளியே தள்ளியிருப்பதோ கண்டால் வேண்டாம். இரண்டு முனைகளையும் நகத்தால் நெம்பிப் பாருங்கள், அடுக்குகள் பிரியக் கூடாது. பைண்டிங்கின் அடித்தட்டில் வெடிப்பு இருக்கிறதா, பட்டியின் பற்கள் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அவர் தன் சப்பாத்தையும் சேர்த்துத் தந்தால் நன்றி சொல்லிவிட்டு விடுங்கள். அது அவர் காலுக்கு அமுங்கியது.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. ஹொக்கி ஹெல்மெட் வீட்டில் இருக்கிறது. ஸ்னோபோர்ட் பழக அது போதாதா?
– ஒரு அம்மா, பிரம்டன்

பதில்: போதாது, தங்கச்சி. ஹொக்கி ஹெல்மெட் சின்னச் சின்ன இடிகளைப் பல தடவை தாங்கச் செய்தது. ஸ்னோபோர்டில் விழுந்தால் பின்மண்டை ஒரே அடியாகப் பனியில் மோதும். உள்ளே ‘ஏஎஸ்டிஎம் எஃப் 2040’ அல்லது ‘இஎன் 1077’ என்ற பாதுகாப்புத் தரக் குறி அச்சிட்ட ஹெல்மெட்டாக வாங்குங்கள். பட்டியைப் பூட்டாமல் தலையை ஆட்டச் சொல்லுங்கள். நெற்றித் தோலும் ஹெல்மெட்டும் சேர்ந்து அசைந்தால் அளவு சரி. உள்ளே கம்பளித் தொப்பி போடக் கூடாது. வளரும் பிள்ளை என்று பெரிதாக வாங்காதீர்கள். பழையதும் வேண்டாம், உள்நுரை வெடித்திருந்தால் வெளியே தெரியாது.

மணிக்கட்டுக் காப்பும் வாங்குங்கள். புதிதாகப் பழகுபவர்களுக்கு அதிகம் முறிவது மணிக்கட்டுத்தான், பின்னால் விழும்போது உள்ளங்கையை ஊன்றுவதால். என் மகள் இரண்டாம் நாளில் அப்படித்தான் விழுந்தாள். ஆறு வாரம் கட்டோடு இருந்தாள். விழும்போது கையைப் பொத்திப் பிடித்து, முழங்கையை உடம்போடு சேர்க்கச் சொல்லிக் கொடுங்கள். வீட்டு மெத்தையில் பத்துத் தரம் விழுந்து பழகினால் மலையில் கை தானாகப் பொத்திக்கொள்ளும்.