கல்லீரல் தழும்பும் அழற்சி மருந்தும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கார்பன் டெட்ராகுளோரைடு ஊசியால் சுண்டெலிகளுக்கு நாள்பட்ட கல்லீரல் பாதிப்பை உண்டாக்கி, முதல் நாளிலிருந்தே அழற்சி எதிர்ப்பு மருந்தும் கொடுத்தோம். 6 வாரம் கழித்துப் பார்த்தால், கல்லீரல் செல் உடையும்போது ரத்தத்தில் கலக்கும் ஏ.எல்.டி. நன்றாகக் குறைந்திருக்கிறது. மருந்து பலிக்கிறது என்று முடிவு கட்டலாமா?
– மருந்தியல் மாணவி, மதுரை

பதில்: அவசரப்படாதீர்கள். கல்லீரலில் உள்ள சி.ஒய்.பி.2இ1 என்ற நொதி உடைத்த பிறகுதான் கார்பன் டெட்ராகுளோரைடு செல்களைக் கொல்லும் விஷமாகிறது. உங்கள் மருந்து அந்த நொதியை முடக்கியிருந்தாலும் இதே முடிவுதான் வரும். அழற்சியை அது தொட்டிருக்கவே வேண்டாம். தயோஅசிட்டமைடு என்ற இன்னொரு கல்லீரல் விஷத்தை வைத்துச் சரிபார்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். அதற்கும் இதே நொதி வேண்டும் என்பதால் சந்தேகம் தீராது. பித்தநாளத்தைக் கட்டிப் பாதிப்பு உண்டாக்கும் முறையில் ஒருமுறை சோதியுங்கள்.

இன்னொன்று, முதல் நாளிலேயே கொடுப்பது தடுப்பு, சிகிச்சை ஆகாது. கார்பன் டெட்ராகுளோரைடை எடைக் கிலோவுக்கு 0.5 மி.லி. வீதம், வாரம் இருமுறை, வயிற்றறைக்குள் என்று வைத்துக்கொண்டால், 25 கிராம் எலிக்கு 12.5 மைக்ரோலிட்டர் போதும். ஆலிவ் எண்ணெயில் பத்தில் ஒரு பங்காகக் கலந்தால் ஊசிக்கு 125 மைக்ரோலிட்டர். 3 வாரம் முடிந்ததும் சில எலிகளின் கல்லீரலை எடுத்து, தழும்பு விழுந்துவிட்டதா என்று, தழும்பு நாரைச் சிவப்பாகக் காட்டும் சிரியஸ் ரெட் சாயத்தில் பாருங்கள். அதன் பிறகு மருந்தைத் தொடங்குங்கள், விஷத்தையும் நிறுத்தாமல். நிறுத்தினால் சுண்டெலியின் தழும்பு சில வாரங்களில் தானாகவே கரையத் தொடங்கும். அந்தப் பெயரை மருந்து தட்டிக்கொண்டு போய்விடும்.

ஏ.எல்.டி. செல் சாவதைத்தான் காட்டும், தழும்பைக் காட்டாது. தழும்பு நார் எவ்வளவு என்று காட்டும் ஹைட்ராக்ஸிபுரோலின் அளவும், எந்தக் குழு என்று தெரியாதவர் பார்த்த ஸ்லைடுகளும் இல்லாமல் தழும்பைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

கேள்வி: கார்பன் டெட்ராகுளோரைடு சோதனையில் ஒரே குழு எலிகளுக்குள் எண்கள் தாறுமாறாக வருகின்றன. எங்கே பிழை?
– ஆய்வக உதவியாளர், கோவை

பதில்: முதலில் தீனியைப் பாருங்கள். பட்டினி கிடந்த எலியில் சி.ஒய்.பி.2இ1 நொதி கூடும், செல்லைக் காக்கும் குளூட்டாதயோன் குறையும், அதனால் பாதிப்பு ஏறும். அடுத்தது ரத்தம் எடுக்கும் நேரம். கடைசி ஊசி போட்ட 24 மணி நேரத்தில் எடுத்தால் அந்த ஊசியின் அடிதான் தெரியும். எல்லாவற்றுக்கும் 72 மணி நேரம் விடுங்கள். சீரம் சிவந்திருந்தால் ஏ.எஸ்.டி. என்ற இன்னொரு கல்லீரல் நொதியின் அளவை நம்பாதீர்கள், உடைந்த சிவப்பணுவிலிருந்தும் அது வரும். கார்பன் டெட்ராகுளோரைடு எண்ணெயை, நச்சு ஆவியை வெளியேற்றும் ஃப்யூம் ஹூடுக்குள், கண்ணாடிக் குப்பியில், அன்றன்றைக்குக் கலந்து மூடி வையுங்கள். பாலிஸ்டைரீன் குழாய் அதில் கரைந்துவிடும்.

கேள்வி: அழற்சியை அடக்கினால் தழும்பு எப்போதும் குறையுமா?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. தழும்பை வளர்க்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்களே பிறகு அதைக் கரைக்கவும் உதவுகின்றன. 2005-ல் வெளியான ஒரு சுண்டெலி ஆய்வில், பாதிப்பு நடக்கும்போது அவற்றை அழித்தால் தழும்பு குறைந்தது. ஆறும் காலத்தில் அழித்தால் தழும்பு கரையாமல் நின்றது. அழற்சிச் செல்களின் வரவைத் தடுக்கும் செனிக்ரிவிராக் என்ற மருந்து விலங்குகளில் தழும்பைக் குறைத்தது. கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையோ பலன் போதாமல் நிறுத்தப்பட்டது.