ஸ்கைலைன் ஆர்34: நான்கு கதவு வண்டியை வாங்கலாமா?

வணக்கம். பிள்ளைகளைப் பின்னிருக்கையில் ஏற்றி இறக்க வசதியாக நிசான் ஸ்கைலைன் ஆர்34-ஐ நான்கு கதவுகளோடு வாங்கினால், அது அசல் ஸ்போர்ட்ஸ் கார் ஆகாதோ என்று தயங்குகிறீர்கள். தயக்கமே வேண்டாம். 25ஜிடி டர்போ என்ற ரகத்தின் செடானில் (நான்கு கதவு வண்டியில்) இருப்பது, அதே ரகத்தின் இரண்டு கதவு வண்டியில் உள்ள அதே 2.5 லிட்டர், ஆறு சிலிண்டர் ஆர்பி25டிஇடி எஞ்சினும் பின்சக்கர இயக்கமும்தான். ஸ்கைலைனின் உச்ச ரகமான ஜிடி-ஆர்தான் வேண்டுமென்றால் வழியில்லை. ஆர்34 தலைமுறையில் நிசான் அதை நான்கு கதவுகளோடு விற்கவில்லை (முந்தைய ஆர்33 தலைமுறையில் நிசானின் துணை நிறுவனமான ஆட்டெக் நான்கு கதவு ஜிடி-ஆர் செய்தது தனிக்கதை). டர்போ இல்லாத செடான்களும் உண்டு என்பதால், பின்புறம் ஒட்டியிருக்கும் பெயரை நம்பாமல் பானெட்டைத் திறந்து பாருங்கள். அப்போதே, முன் சஸ்பென்ஷனின் மேல்முனையைத் தாங்கும் தகட்டு மடிப்புகளை விரலால் தடவி, பெயின்ட் கொப்பளித்திருந்தால் அடியில் துரு அரித்திருக்கிறது என்று கொண்டு, விலை எவ்வளவு இறங்கினாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.