அமெரிக்க வீட்டில் பத்து மாதம்: எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள், பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

பதினாறு வயதில் அயோவாவில் சோளம் விளைவிக்கிற ஒரு குடும்பத்தோடு தங்கிப் பத்து மாதம் பள்ளிக்குப் போனேன். அதற்கப்புறம் வருடா வருடம் இங்கிருந்து கிளம்புகிற பிள்ளைகளைத் தயார்ப்படுத்தி அனுப்ப உதவி வருகிறேன். இங்கே உள்ள பதில்கள் எல்லாம் ஜே-1 விசாவில், அதாவது மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்கான விசாவில், போகிறவர்களுக்கு. காசு கட்டி எஃப்-1 விசாவில் போய்ப் படிக்க விதிகள் வேறு.

முன்பின் தெரியாத குடும்பம் எதற்காக என் பெண்ணைப் பத்து மாதம் வைத்துச் சோறு போட வேண்டும்? பணம் வாங்குகிறார்களா? (திருநெல்வேலியிலிருந்து ஓர் அப்பா)

வாங்குவதில்லை சார். ஜே-1 பள்ளி மாணவர் திட்டத்தில் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் விதி இருக்கிறது. வருமான வரிக் கணக்கில் மாதத்துக்கு 50 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். என்னை வைத்திருந்தவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் காலேஜ் போய்விட்டார்கள், சாப்பாட்டு மேசையில் நாற்காலி காலியாகக் கிடந்தது, அதுதான் காரணம் என்று அந்த அம்மாவே சொன்னார். உங்கள் பயம் நியாயமானது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் 18 வயது நிறைந்த எல்லோருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு, வீட்டை நேரில் போய்ப் பார்க்க வேண்டும், உங்கள் பெண்ணுக்குத் தனிக் கட்டில் இருக்க வேண்டும். 120 மைலுக்குள் திட்டத்தை நடத்துகிற அமைப்பின் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார், அவர் மாதம் ஒருமுறையாவது பெண்ணிடமும் குடும்பத்திடமும் பேசியாக வேண்டும். அந்த ஒருங்கிணைப்பாளரின் எண்ணை உங்கள் போனிலும் ஏற்றி வையுங்கள்.

வசதி இல்லாத வீட்டுப் பிள்ளை போக முடியுமா?

முடியும். யெஸ் என்கிற கென்னடி-லூகர் திட்டம் முழு உதவித்தொகையோடு வருகிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 2002-ல் அமெரிக்க அரசு தொடங்கியது. இந்தியாவில் ஏஎஃப்எஸ் என்கிற மாணவர் பரிமாற்ற அமைப்பு வழியாக நடக்கிறது. ரோட்டரி வழியாகவும் போகலாம், அதற்கு அப்பா அம்மா ரோட்டரி உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஒரு ரோட்டரி சங்கம் பரிந்துரைக்க வேண்டும். ரோட்டரியில் பெரும்பாலும் ஒரே வருடத்தில் இரண்டு மூன்று வீடு மாறுவீர்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, வந்து மூன்று வாரம் ஆகிறது. நல்லவர்கள்தான், ஆனால் ராத்திரி எல்லாம் பசிக்கிறது, எப்படிக் கேட்பது? (ஓஹாயோவிலிருந்து ஒரு தம்பி)

தம்பி, நீ வேண்டாம் என்று சொல்லியிருப்பாய். நம் வீடுகளில் "இன்னும் கொஞ்சம் போடட்டுமா" என்றால் முதலில் "போதும்" என்பது மரியாதை, மூன்றாவது முறை கேட்கும்போது தட்டை நீட்டுவோம். அங்கே ஒரே தடவைதான் கேட்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் அதை அப்படியே நம்பிப் பாத்திரத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். இரண்டாவது தடவை வற்புறுத்துவதுதான் அவர்களுக்கு மரியாதைக் குறைவு. சாயங்காலம் ஆறு மணிக்கே சாப்பாடு முடிந்துவிடும், நமக்கு ஒன்பது மணிக்கு வயிறு கூப்பிடும். இன்றைக்கே அந்த அம்மாவிடம் போய், "ராத்திரி பசித்தால் ஃப்ரிட்ஜில் எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது" என்று நேராகக் கேள். அவர் சந்தோஷமாக ஃப்ரிட்ஜில் ஓர் அடுக்கையே ஒதுக்கித் தருவார். நாளைக்கு வைத்திருக்கிற கேசரோலை (அவனில் வேகவைக்கிற ஒரு சாப்பாடு) எடுத்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இரண்டாவது பாதிக் கேள்வி.

குளியலறையில் தண்ணீர் சிந்துகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இது ஒரு பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். நம் குளியலறைத் தரையில் வடிகால் இருக்கும், அங்கே பெரும்பாலும் இருக்காது, தரைக்குக் கீழே மரப்பலகை. மாடியில் சிந்தும் தண்ணீர் கீழ் அறையின் கூரையில் கறையாக இறங்கும். தொட்டிக்குள் நின்று, திரையின் அடி ஓரத்தைத் தொட்டிக்கு உள்ளே விட்டுக் குளிக்க வேண்டும். வாளியும் சொம்பும் வேண்டாம். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுங்கள், சுடுதண்ணீர் டாங்க் காலியானால் அடுத்து வருகிறவருக்கு இல்லை.

மகள் தினமும் போனில் அழுகிறாள். திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாமா? (ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா)

அம்மா, அவசரப்பட வேண்டாம். எனக்கும் அக்டோபரில் அப்படித்தான் இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போன் போடுவேன், கீழே அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள், நானாக இறங்கிப் போகமாட்டேன். அவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? எனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை என்று. ஒருநாள் ஒருங்கிணைப்பாளர் சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. அன்றைக்கு ராத்திரி கீழே போய், "எனக்கு வீட்டு ஞாபகமாக இருக்கிறது, உங்கள் மேல் ஒன்றும் இல்லை" என்றேன். அந்த அப்பா எழுந்து போய்ச் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

உங்கள் மகளிடம் வாரத்துக்கு ஒருநாள் பேசுங்கள். அயோவா பக்கம் என்றால் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நமக்கு இரவு ஏழரை, நவம்பரிலிருந்து மார்ச் வரை எட்டரை. அழுகையைக் கேட்டு நீங்களும் அழுதால் அவள் இரண்டு பேர் பாரத்தைச் சுமப்பாள். அறைக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், பள்ளியில் ஏதாவது ஒரு குழுவில் சேரச் சொல்லுங்கள். அதே சமயம், அழுகைக்குக் காரணம் வீட்டு ஞாபகம்தானா என்று ஒருமுறை நேராகக் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் ஒருவர் நடந்துகொள்கிற விதம் சரியில்லை. வீடு மாறினால் கெட்ட பெயர் வருமா?

வராது. யாராவது தப்பாகத் தொட்டாலோ, தப்பாகப் பேசினாலோ, சாப்பாடு கொடுக்காமல் விட்டாலோ, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தாலோ இன்றைக்கே ஒருங்கிணைப்பாளரிடம் சொல். அவர் கண்டுகொள்ளவில்லை என்றால் பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்கிற கவுன்சிலரிடம் சொல், உன் அடையாள அட்டையில் இருக்கும் வெளியுறவுத் துறை எண்ணைக் கூப்பிடு. உடனே ஆபத்து என்றால் அங்கே அவசர உதவி எண் 911. வீடு மாற்றுவது வழக்கமாக நடப்பதுதான், அதற்காக யாரும் உன்னை ஊருக்கு அனுப்பிவிட மாட்டார்கள். பயந்துகொண்டு பேசாமல் இருக்காதே, கண்ணு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கூப்பிடுகிறார்கள்.

கட்டாயப்படுத்தக் கூடாது. நான் போனேன், பாட்டும் அதன்பிறகு பலகாரமும் பிடிக்கும் என்பதால். விருப்பமில்லை என்றால் மரியாதையாகச் சொன்னால் போதும்.

டிபி டெஸ்ட் பாசிட்டிவ் என்று பள்ளியில் சேர்க்க யோசிக்கிறார்கள்!

பயப்படாதீர்கள். பிறந்ததும் போட்ட பிசிஜி என்கிற டிபி தடுப்பூசியால் தோல் பரிசோதனையில் கை வீங்கலாம். ரத்தப் பரிசோதனைக்கு அந்தக் குழப்பம் இல்லை, அதைக் கேளுங்கள். தடுப்பூசி அட்டையைக் கையோடு அனுப்புங்கள்.

என்ன கொண்டு போகலாம்?

சின்னக் குத்துவிளக்கு, காட்டன் மேசை விரிப்பு, நம் ஊர்ப் படங்கள். பச்சைக் கறிவேப்பிலையை எடுக்காதீர்கள், விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள், எலுமிச்சை இனத் தோட்டங்களுக்கு நோய் கொண்டுவரும் என்று அங்கே தடை. கடுகு, உளுத்தம்பருப்பு, மஞ்சள்தூள் போதும், முதல் மாதத்திலேயே ஒருநாள் எலுமிச்சைச் சாதம் செய்து கொடுங்கள். தாளிப்பதற்கு முன்னால் அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேனைப் போட்டுவிட்டு ஜன்னலையும் திறந்து வையுங்கள், இல்லையென்றால் கடுகு வெடிக்கும்போதே புகை அலாரம் அலற ஆரம்பித்துவிடும்.