'மட்பவுண்ட்' படம் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது? பாதியில் நிறுத்திவிட்டேன். தொடரலாமா?

தொடருங்கள். கதையின் கறுப்பின இளைஞன் ரான்சல் இரண்டாம் உலகப் போரிலிருந்து ஊர் திரும்புவதற்கு முன்பே மூடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது அங்கேதான்.

கதை நடப்பது 1940-களில், அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டாவில். பருத்தி நிலம் வெள்ளைக்காரர் ஹென்றியுடையது. உழுவது ரான்சலின் அப்பா ஹாப் ஜாக்சனின் குடும்பம், வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் நிலக்காரருக்குப் பங்கு கொடுக்கும் ஏற்பாட்டில். அந்த வட்டார வழக்கப்படி, சொந்தமாகக் கோவேறு கழுதையும் கலப்பையும் வைத்திருப்பவர் பருத்தியில் கால் பங்கை நிலக்காரருக்குக் கொடுத்தால் போதும். அவற்றையும் நிலக்காரரிடமே வாங்கி உழுதால் பாதி போய்விடும். மீதிப் பாதியில்தான் கடையில் வாங்கிய மாவு, உப்புக்கறிக் கடனெல்லாம் கழிய வேண்டும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, ஹாப் கால் முறிந்து படுத்துக்கிடக்கும் பகுதியை மறுபடி பாருங்கள். விதைப்பு நாட்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகின்றன; ஈடுகட்ட நிலக்காரரின் கழுதையை வாங்க வேண்டிவருகிறது. ஒரு குடும்பம் கால் வாரத்திலிருந்து அரை வாரத்துக்கு இறங்குவது இப்படித்தான். இதை வேகமாகக் காட்டினால் வெறும் விபத்தாகத்தான் தெரியும்.

ரான்சல் பணியாற்றியது 761-ஆவது டாங்கிப் படையில். கறுப்பின வீரர்களைக் கொண்ட நிஜப் படை அது. 1944 நவம்பரில் பிரான்சில் களமிறங்கி, 183 நாட்கள் போரிட்டது. அமெரிக்க அதிபரின் படைப்பிரிவுப் பாராட்டு அதற்குக் கிடைத்தது 1978-இல்தான். அப்படிப்பட்ட ஒருவன் ஊர்க் கடைக்குள் போய்விட்டு முன்வாசல் வழியாக வெளியே வரப் பார்க்கிறான். பின்வாசலால் போகச் சொல்கிறார்கள். ஜெனரல் பேட்டன் எங்களை முன்வரிசையில் நிறுத்தினாரே என்கிறான். அந்த ஒரு பதிலுக்காக, ஹென்றி அவன் வீடு தேடி வந்து அவனை மன்னிப்புக் கேட்க வைக்கிறார்.

ஹென்றியின் தம்பி ஜேமி குண்டுவீச்சு விமானி. அவன் வண்டியின் முன் இருக்கையில் ரான்சல் ஏறிக்கொள்ளும் காட்சியைத் தவறவிடாதீர்கள். எதிரே வண்டி வந்தால் ரான்சல் குனிந்து மறைந்துகொள்கிறான். டாங்கி ஓட்டிய ஆளுக்குத் தன் ஊர்ச் சாலையில் நிமிர்ந்து உட்கார வழியில்லை.

மிகைப்படுத்துகிறார்கள் என்று சொல்பவர்கள் வருவார்கள் என்று தெரியும். 1946 பிப்ரவரியில் ஐசக் உட்வர்ட் என்ற கறுப்பின வீரர், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட அன்றே, சீருடையில் வீடு திரும்பும் வழியில், தென் கரோலினாவில் போலீஸ் அடித்ததில் இரு கண்களையும் இழந்தார். அடித்த அதிகாரியை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுவித்தது. 1947 வாக்கில் மிசிசிப்பியில் முன்னாள் வீரர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு கிடைத்த 3,229 கடன்களில் கறுப்பினத்தவருக்குப் போனவை 2.

ஆறு பாத்திரங்கள் பின்னணியில் தம் குரலில் கதை சொல்கிறார்கள். யார் பேசுகிறார் என்று முதலில் குழம்பும், பழகிவிடும். எல்லோரையும்விடக் கொடியவரான ஹென்றியின் அப்பா, கிழவர் பாப்பிக்கு மட்டும் அந்தக் குரல் இல்லை. மூல நாவலை எழுதிய ஹிலரி ஜோர்டன் எடுத்த சரியான முடிவு அது; இயக்குநர் டீ ரீஸ் அதை மாற்றவில்லை.

கேள்விக்கு வெளியே ஒன்று. இதன் ஒளிப்பதிவாளர் ரேச்சல் மாரிசன்தான் அந்தப் பிரிவில் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் பெண். அது நடந்தது 2018-இல்! அதுவரை ஒரு பெண்ணுமா கண்ணில் படவில்லை? அந்த உழைப்பைக் கைப்பேசியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, 'ஸ்லோ' என்று ஒற்றை நட்சத்திரம் போடுகிறார்கள்.

வீட்டுக்குள் நடக்கும் காட்சிகள் பல இருட்டு. பகலில் ஜன்னல் திறந்திருந்தால் முகங்களே தெரியாது; இரவில் விளக்கணைத்துப் பாருங்கள். மொத்தம் 2 மணி 14 நிமிடம். கடைசிப் பகுதியில் வரும் கொட்டகைக் காட்சி மிகக் கொடூரமானது, குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.