வாசகர் கேள்வி: கல்லில் பொறி பறக்கும் துவக்கு

கேள்வி: எங்கள் அப்பப்பா சேனைக் காவலுக்கு இடியன் துவக்கு வைத்திருந்தாராம். அமெரிக்காவில் சக்கிமுக்கிக் கல்லால் வெடிக்கும் பழைய வேட்டைத் துவக்குகளை இன்றும் கையாலேயே செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டும் ஒன்றுதானா? முழுவதையும் கையால் செய்வது உண்மையா?
— வாசகர் ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியாகப் போட்டுக் கம்பியால் இடித்து இறுக்குவது இரண்டுக்கும் பொது. ஆனால் இடியனின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. நீங்கள் கேள்விப்பட்டது ரைபிள், அதாவது குழலுக்குள் திருகாணிபோல் சுற்றியோடும் பள்ளங்கள் வெட்டப்பட்டது. எண்ணெய் தோய்ந்த துணியில் பொதிந்து இறக்கும் குண்டு அப்பள்ளங்களைப் பற்றிச் சுழன்று வெளியேறுவதால் குறி தவறுவது குறைகிறது. 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மன் கொல்லர்கள், தம் ஊரின் குட்டையான வேட்டை ரைபிளை நீட்டி, மேப்பிள் மரப்பிடி பொருத்தி உருவாக்கிய வடிவம் அது.

விசையை இழுத்ததும், 'குதிரை' எனப்படும் சுத்தியல் போன்ற பாகத்தின் வாயில் இறுக்கிய கல் உருக்குத் தகட்டைச் சுரண்டுகிறது; தெறிக்கும் உருக்குத் துகள்கள் எரிந்தபடி சிறு கிண்ணியிலுள்ள மருந்தில் விழ, அந்த நெருப்பு குழலின் பக்கத்துளை வழியே உள்ளே பாய்கிறது. கிண்ணி மருந்து ஈரமானால் வெடிக்காது. மார்கழி மழையில் நனைந்த தீப்பெட்டியோடு போராடிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1807இல் ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடித்தால் பற்றும் மருந்துக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அத்தகைய மருந்தை அடைத்து வந்த சிறு உலோகத் தொப்பியான 'கேப்' கல்லுக்கு வேலையில்லாமல் செய்துவிட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்ல வேண்டும். இன்று இவற்றைச் செய்வோரில் பெரும்பாலானோர் குழலையும் விசைப்பொறியையும் ஆயத்தமாக வாங்கி, மரவேலையையே கையால் செய்கிறார்கள். அதை நான் குறைவாக மதிக்கவில்லை. இரும்பில் புகைக்கரி பூசி, மரத்தில் அழுத்தி எடுத்து, கறை பட்ட இடத்தை மட்டும் உளியால் சீவி, மறுபடியும் பூசி அழுத்தி, மயிரிழை இடைவெளியும் இல்லாதவரை பொருத்துகிற பொறுமை சாதாரணமானதல்ல. ஆயினும் தட்டை இரும்பை உலையில் காய்ச்சிக் கம்பியைச் சுற்றி மடித்து ஒட்டவைத்துக் குழலாக்குவது முதல் எல்லாவற்றையும் பழைய முறையிலேயே செய்து முடிப்பவர்கள் மிகச் சிலரே. வெர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பேர்க்கில் துவக்குக் கொல்லர் வாலஸ் கஸ்லர் 1960களில் அப்படி ஒரு ரைபிளை முழுமையாகச் செய்து காட்டியதால்தான், ஏறக்குறைய அற்றுப்போன அந்தக் கைப்பழக்கம் இன்று மற்றவர்களுக்கும் கிடைத்திருக்கிறது.

பிரட்றிக் கோட்டை வாசலைக் கடந்தே கோணேசரை வணங்கப் போகும் நாம், துவக்கு முழுக்க முழுக்கப் பறங்கியர் கைவேலை என்றே எண்ணிவிடுகிறோம். அது சரியல்ல. போர்த்துக்கேயரிடம் கண்டதை இத்தீவின் கொல்லர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். விசைப்பொறி இடப்பக்கம் அமைந்திருப்பது பழைய சிங்களத் துவக்குகளின் தனி அடையாளம். 2023இல் நெதர்லாந்து திருப்பித் தந்த கண்டிப் பொருட்களில் இரண்டு துவக்குகளும் இருந்தன.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இங்கு அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். அப்பப்பாவின் இடியன் இன்னும் வீட்டில் கிடந்தால், துருப்பிடித்ததுதானே என்று விசையை இழுத்துப் பார்க்காதீர்கள். அவர் கடைசியாக இடித்து வைத்த மருந்து இன்னும் உள்ளேயே இருக்கலாம். பிள்ளைகளை அண்டவிடாமல் பொலிசுக்கு அறிவியுங்கள்.