மொய்ப் பணம் யாருக்கு? புதுத் தம்பதிகளின் வரவு செலவுக் கேள்விகள்

வணக்கம். 33 வருஷம் வங்கிக் கவுன்டரிலும் கடன் பிரிவிலும் இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணமாகிப் புதுசாகக் குடும்பக் கணக்குப் போடுகிறவர்கள் கேளுங்கள். ஷேர் மார்க்கெட் என் துறை இல்லை, அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அக்கா, கல்யாணமாகி 2 மாசம். கோவையில் வாடகை வீடு. எனக்குக் கையில் 42,000 வருது, அவளுக்கு 31,000. செலவை ஆளுக்குப் பாதி போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. வாடகை, மளிகை, பால், கரன்ட், கேஸ், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து 38,000 என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 19,000 போட்டால் உங்கள் கையில் 23,000 மிஞ்சும், அவர் கையில் 12,000. அவர் ஒரு சுடிதார் எடுக்கவே யோசிப்பார். சம்பளத்துக்குத் தக்கபடி போடுங்கள்: நீங்கள் 22,000, அவர் 16,000.

அதற்கு மேல் நீங்கள் 10,000, அவர் 7,000 பொதுச் சேமிப்புக்கு. இந்த 17,000 முழுவதையும் சேமிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். தீபாவளி, பொங்கல், ஆடிச் சீர், வண்டி இன்சூரன்ஸ், ஊர்த் திருவிழா, கல்யாண வீட்டு மொய் என்று வருஷத்துக்கு 84,000 போனால் மாசம் 7,000 அதற்கே எடுத்து வைக்க வேண்டும். பெரும்பாலான வீட்டு பட்ஜெட் உடைவது இந்த இடத்தில்தான். மாசச் செலவை எழுதுவார்கள், வருஷச் செலவை மறந்துவிடுவார்கள். மீதி 10,000தான் உண்மையான சேமிப்பு. மூன்று மாசச் செலவுப் பணம், அதாவது 1,14,000 சேரும் வரை அதில் கை வைக்காதீர்கள். ஒரு வருஷத்தில் சேர்ந்துவிடும். வீட்டு அட்வான்ஸ், ஸ்கூட்டர் எல்லாம் அதற்குப் பிறகு.

உங்களிடம் மிஞ்சும் 10,000, அவரிடம் மிஞ்சும் 8,000, இதற்கு ஒருவரை ஒருவர் கணக்குக் கேட்கக் கூடாது. அவர் தன் அம்மாவுக்கு அனுப்பினாலும் சரி.

ஒன்று கேட்கிறேன்: பி.எப். நாமினேஷன், அதாவது நமக்கு ஒன்று ஆகிவிட்டால் பணம் யாருக்கு என்று எழுதிக் கொடுத்தது, அதை மாற்றியாச்சா? கல்யாணத்துக்கு முன்னால் போட்டது கல்யாணத்தோடு செல்லாமல் போகும். புதிதாகப் போட வேண்டும். இரண்டு பேருமே.

கேள்வி: ஏலச்சீட்டு போடலாமா மேடம்? தெரிஞ்சவங்கதான் நடத்துறாங்க.

பதில்: 1982 சிட் பண்ட் சட்டப்படி பதிவு செய்த சீட்டு என்றால் போடலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். நடத்துபவர் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ‘தெரிஞ்சவங்க’ என்பது பதிவு எண் ஆகாது.

கேள்வி: நகைச்சீட்டு?

பதில்: 11 மாசச் சீட்டு. நகை வாங்கியே ஆக வேண்டும் என்றால் மட்டும். அதைச் சேமிப்புக் கணக்கில் எழுதாதீர்கள், செலவில் எழுதுங்கள்.

கேள்வி: எங்களுக்குப் புதுக்கோட்டைப் பக்கம். கல்யாண மொய் 2,40,000 வந்தது. அதை வீட்டு அட்வான்ஸுக்குப் போட்டுட்டு, மாசாமாசம் புதுசா சேமிக்கலாம்னு இருக்கோம். சரியா அக்கா?

பதில்: மொய் என்பது அன்பளிப்பு இல்லை கண்ணு, கடன். வட்டியும் பத்திரமும் இல்லாத கடன். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைக்கும் ஊர்களில் இதைச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லித் தர வேண்டாம். வாங்கியதைத் திருப்பி வைத்து, அதற்கு மேல் புது மொய்யும் வைக்க வேண்டும்.

இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டதும் இரண்டு பேரும் மொய் நோட்டை எடுத்து உட்காருங்கள். கையில் பென்சில். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்த வீட்டில் அடுத்து என்ன விசேஷம், எப்போது என்று குறியுங்கள்: காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுமனை. இரண்டு வருஷத்துக்குள் வரக்கூடியதை மட்டும் கூட்டுங்கள். 80,000 வந்தால் அதைத் தொடவே கூடாது, டெபாசிட்டில் போடுங்கள். மீதி 1,60,000ஐ அட்வான்ஸுக்கு எடுக்கலாம், ஆனால் மாசம் 3,000 மொய்க் கணக்குக்குத் திரும்ப வர வேண்டும். அட்வான்ஸில் மொத்தமும் போய்விட்டால் ஆவணியில் நாலு பத்திரிகை சேர்ந்து வரும்போது நகைதான் அடகுக்குப் போகும். அப்படி அடகுக்கு வந்த நகைகளை எத்தனையோ எடை போட்டிருக்கிறேன்.

அறந்தாங்கி பெரியவர் ஒருவர்: அம்மா, அடிப்படையே தப்பு. அந்த மொய் பிள்ளைகளுடையதே இல்லை. 30 வருஷமா ஊர் ஊராப் போய் மொய் வச்சது நான். திரும்பி வந்தது என் பணம்.

பதில்: ஐயா, நீங்கள் வைத்தது திரும்பி வந்திருந்தால் அது உங்களுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் மகனின் ஆபீஸ்காரர்கள், மருமகளின் தோழிகள் வைத்தது? அதைத் திருப்பி வைக்கப் போவது அவர்கள் இருவரும்தானே? நோட்டை இரண்டாகப் பிரியுங்கள். பழைய மொய் உங்களுக்கு, புது மொய் அவர்களுக்கு.

பெரியவர்: கல்யாணச் செலவு யாரு செஞ்சது?

மதுரையிலிருந்து ஒரு பெண்: அக்கா, எங்கப்பா 2 வட்டிக்கு வாங்கிக் கல்யாணம் பண்ணினார். எங்க பக்கத்து மொய்யை அந்தக் கடனுக்குக் கட்டிட்டார். இப்ப என் வீட்டுக்காரர் அந்தப் பணம் எங்கேன்னு கேட்கிறார்.

பதில்: உங்கள் அப்பா செய்தது மிகச் சரி. 2 வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம், அதை அடைப்பதை விடப் பெரிய சேமிப்பு எதுவும் கிடையாது. உங்கள் வீட்டுக்காரரிடம் இந்தப் பதிலையே காட்டுங்கள்.

பெரியவர் ஐயா, செலவு செய்தது நீங்கள்தான். ஆனால் ‘என் பணம்’ என்று எடுத்துக்கொண்டால், திருப்பி வைக்கும் பொறுப்பும் உங்களுடையது. பணம் உங்களிடமும் பத்திரிகை மருமகள் கையிலும் போகக் கூடாது. அதை மட்டும்தான் சொல்கிறேன்.

பெரியவர்: அது நியாயம். நான் இருக்கிற வரை நான் வைக்கிறேன்.

கேள்வி: செலவை எழுத எந்த ஆப் நல்லது?

பதில்: 40 பக்க நோட்டு.

கேள்வி: மனைவி பேரில் டெபாசிட் போட்டால் வரி மிச்சமாமே?

பதில்: நீங்கள் கொடுத்த பணத்தில் வரும் வட்டியை உங்கள் வருமானத்தோடுதான் சேர்ப்பார்கள். மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 60, அவங்களுக்கு 25. பாதி பாதி சரிதானே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இதைக் கேட்பது நீங்கள் நாலாவது ஆள்.

கேள்வி: நாமினேஷனை மாத்தச் சொல்றீங்க. நாங்க சின்ன வயசு, இப்ப என்ன அவசரம்?

பதில்: என் கவுன்டருக்கு ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகி 7 மாசம், கணவன் பைக் விபத்தில் போய்விட்டான். அவன் கணக்கில் நாமினி இல்லை. கல்யாணத்தைப் பதிவும் செய்யவில்லை. மனைவி என்பதற்குச் சான்றாக லேமினேட் செய்த கல்யாண போட்டோவைத் துணிப்பையிலிருந்து எடுத்து வைத்தாள். வாரிசுச் சான்று கொண்டு வாம்மா என்று நான்தான் திருப்பி அனுப்பினேன், வேறு வழியில்லை. தாலுகா ஆபீசுக்கு மாசக்கணக்கில் அலைந்தாள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதையும் செய்யுங்கள்.

கேள்வி: அம்மா பேரை எடுத்தா வருத்தப்படுவாங்களே அக்கா?

பதில்: எடுக்க வேண்டாம். உங்களை நம்பி வாழும் தாயும் பி.எப்.பில் குடும்பம்தான். மனைவிக்கு இத்தனை சதவீதம், அம்மாவுக்கு இத்தனை என்று பங்கு போடலாம். இரண்டு பேருடைய ஆதாரையும் போட்டோவையும் எடுத்து வைத்துக்கொண்டு இன்றைக்கே இ-நாமினேஷன் போடுங்கள். போட்டுவிட்டு அம்மாவிடமும் காட்டுங்கள்.